தானாகக் கழியும் தாராளம்

ஆறு மாதக் கைக்குழந்தை ஒன்று டிப்ஸ் கொடுக்கிறது. நாளொன்றுக்கு 18 டாலர் 50 சென்ட். தன் தொட்டில் விரிப்பை மாற்றியவருக்கும், இன்னும் முளைக்காத பல்லால் தான் கடிக்கவே போகாத இறைச்சித் துண்டை மேசைக்குக் கொண்டுவந்தவருக்கும், தான் எட்டியும் பார்க்காத சமையற்கட்டில் பாத்திரம் தேய்ப்பவருக்கும் அது மனமுவந்து நன்றி பாராட்டுகிறது. ராயல் கரீபியன் கப்பல்களில் 2024 இறுதியிலிருந்து சாதாரண அறைக்கு இதுதான் தினசரி விகிதம். தலைக்கு இவ்வளவு, வயது வித்தியாசம் கிடையாது. ஆறு மாதம் நிரம்பாத குழந்தையைக் கப்பலில் ஏற்றமாட்டார்கள். நிரம்பிவிட்டால் அன்றே அது வள்ளல். பாரியும் காரியும் இவ்வளவு சின்ன வயதில் தொடங்கியிருக்க வாய்ப்பில்லை.

மற்ற நிறுவனங்கள் கொஞ்சம் இரக்கமுள்ளவை. கார்னிவல் இரண்டு வயதுக்குக் கீழே விட்டுவிடுகிறது. நார்வீஜியன் மூன்று வயதுவரை பொறுக்கிறது. அதற்கப்புறம் குழந்தைக்கு மனசாட்சி முளைத்துவிட்டதென்று அவை முடிவுகட்டிக்கொள்கின்றன.

டெக்சஸில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள், ஊரிலிருந்து விசா எடுத்து வந்திருக்கும் அப்பா அம்மாவைக் கால்வெஸ்டன் துறைமுகத்துக்கு ஓட்டிப்போய்க் கப்பலேற்றுவது இப்போது ஏறக்குறைய ஒரு சடங்கு. நயாகரா காட்டியாயிற்று, அடுத்து இது. "எல்லாம் டிக்கெட்லயே அடக்கம்ப்பா, நீங்க பர்ஸையே எடுக்க வேண்டாம்" என்று மகன் சொல்வதில் பொய் ஒன்றும் இல்லை. பர்ஸை எடுக்கத்தான் வேண்டியதில்லை. ஏறும்போதே ஆளுக்கொரு பிளாஸ்டிக் அட்டை கொடுத்து அதை மகனுடைய கிரெடிட் கார்டோடு முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். கதவு திறக்கவும் அந்த அட்டை, கோக் வாங்கவும் அந்த அட்டை. பணம் போவது கைக்கே தெரியாது.

கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், தாத்தா, பாட்டி. ஆறு பேர், ஏழு இரவு. மேலே சொன்ன விகிதத்தில் தானாகக் கழியும் டிப்ஸ் மட்டும் 777 டாலர். நம் பணத்தில் 65,000 ரூபாய்க்கு மேல். பாட்டி விடிகாலை எழுந்து தன் படுக்கையைத் தானே மடித்து, போர்வையை உதறி, குளியலறையையும் ஒருமுறை தேய்த்துவிட்டுத்தான் வெளியே வருவாள். மூன்று வேளையும் அவள் சாப்பிட்டது பழமும் ரொட்டியும் தயிரும். அவளுடைய நன்றியின் மதிப்பு 129 டாலர் 50 சென்ட். கேட்டால் மயக்கம் போட்டு விழுவாள். கப்பல் டாக்டர் வந்தால் அதற்குத் தனி பில்.

டிப்ஸ் கொடுப்பதில் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. வேலை செய்தவன் கையில் நாலு காசு சேரட்டும் என்று நினைக்காதவன் மனிதனே இல்லை. என் வழக்கு வேறு. கொடுப்பதா என்பதை நிறுவனம் முடிவு செய்கிறது, எவ்வளவு என்பதை நிறுவனம் முடிவு செய்கிறது, யாருக்கு எப்படிப் பங்கு பிரிப்பதென்பதையும் நிறுவனமே முடிவு செய்கிறது, விகிதத்தை எப்போது ஏற்றுவதென்பதும் அதன் கையில். இதில் பயணிக்கு விட்டுவைத்திருப்பது "நீங்கள் தாராளமானவர்" என்ற பட்டம் ஒன்றுதான். கல்யாணத்துக்கு அழைத்துவிட்டு, பந்தியில் உட்காரும்போது சமையற்காரர் சம்பளத்தை விருந்தாளி தலையில் வகுத்துப் போடுகிற வீட்டை நம் ஊரில் என்ன சொல்வார்களோ, அதை இந்த நிறுவனங்களுக்கும் சொல்லலாம். அச்சில் வராது.

அப்படியானால் அந்தத் தொகையை டிக்கெட் விலையிலேயே சேர்த்துவிடலாமே என்று கேட்பவர் வணிகம் தெரியாதவர். இணையத்தில் விலை பார்த்து ஒப்பிடுகிறவன் கண்ணில் படுவது டிக்கெட் விலை. அதைக் கீழே வைக்க வேண்டும். மிச்சத்தைக் கடலுக்கு நடுவில் வைத்து வாங்கிக்கொள்ளலாம். அங்கிருந்து யாரும் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட முடியாது. இந்தக் கலையில் இவர்களுக்கு நீண்ட அனுபவம் உண்டு. துறைமுகக் கட்டணம் என்ற பெயரில் துறைமுகத்துக்குப் போகாத பணத்தையும் சேர்த்து வசூலித்ததாக எழுந்த புகாரில், 1997இல் ஃபுளோரிடா மாநிலத் தலைமை வழக்கறிஞரோடு பல கப்பல் நிறுவனங்கள் சமரச உடன்பாடு செய்துகொண்டன. 2024 ஜூலை 1 முதல் கலிஃபோர்னியாவில், கட்டாயக் கட்டணங்களை மறைத்து விலை விளம்பரம் செய்யக்கூடாது என்று சட்டம் வந்தது. உடனே வரியையும் துறைமுகக் கட்டணத்தையும் விலைக்குள் சேர்த்துக் காட்டத் தொடங்கினார்கள். டிப்ஸ் மட்டும் வெளியே நின்றது. காரணம், அது பயணி விரும்பிக் கொடுப்பது. விரும்பிக் கொடுப்பது தானாகக் கழிகிறது. தானாகக் கழிவது விரும்பிக் கொடுப்பது. வேதாந்திகள்கூடத் திணறும் இடம் இது. 2025 மே மாதம் அமெரிக்கக் கூட்டரசு கொண்டுவந்த மறைமுகக் கட்டண விதியும் ஹோட்டல் அறைகளையும் நிகழ்ச்சி டிக்கெட்டுகளையும் பிடித்ததோடு நின்றுவிட்டது. கப்பல் பிடிபடவில்லை. மிதக்கிற ஹோட்டலை ஹோட்டல் என்று எப்படிச் சொல்வது?

பயணி கொடுக்கும் டிப்ஸைக் காட்டி ஊழியர் சம்பளத்தைக் குறைப்பது அமெரிக்காவில் பழைய வித்தை. உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைத்தனம் ஒழிந்த கையோடு, ஜார்ஜ் புல்மன் என்பவர் தன் சொகுசுப் படுக்கை ரயில்பெட்டிகளில் வேலைக்கு எடுத்தது விடுதலையான கறுப்பின ஆண்களை. சம்பளம் சொற்பம், மிச்சம் பயணியின் கருணை. செருப்புத் துடைத்து, படுக்கை விரித்து, இரவெல்லாம் விழித்திருந்த அவர்கள் எல்லாரையும் பயணிகள் "ஜார்ஜ்" என்றே கூப்பிட்டார்கள். முதலாளி பெயர்தான் வேலையாளுக்கும். ஃபிலிப் ராண்டால்ஃப் 1925இல் அவர்களுக்காகச் சங்கம் கட்டினார். நிறுவனம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது 1937இல். பன்னிரண்டு ஆண்டுகள் போராடி அவர்கள் வாங்கியதை, கப்பல்காரர்கள் கொடியை மாற்றியே இல்லாமல் செய்துவிட்டார்கள்.

கொடி என்பது இங்கே வெறும் துணி இல்லை. கார்னிவல் பல்லாண்டுகளாகப் பனாமாவில் பதிவான நிறுவனம். ராயல் கரீபியன் லைபீரியாவில். நார்வீஜியன் பெர்முடாவில். மூன்றின் தலைமை அலுவலகமும் எங்கே என்றால் மயாமி வட்டாரத்தில், ஒன்றுக்கொன்று காரில் போய்வரும் தூரத்தில். 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து முதல் பயணம் கிளம்பிய 'ஐகான் ஆஃப் தி சீஸ்' கப்பலில் இருபது தளம், அதிகபட்சம் 7,600 பயணி, 2,350 ஊழியர். பின்னால் பறப்பது பஹாமாஸ் கொடி. அமெரிக்கக் கொடியோடு ஓடும் பெரிய சொகுசுக் கப்பல் 'பிரைட் ஆஃப் அமெரிக்கா' ஒன்றுதான். அது ஹவாயைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு மணிக்கு 2 டாலர் 13 சென்ட் கொடுத்தால் போதும் என்று 1991இலிருந்து அசையாமல் நிற்கிறதே அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம், அந்த அவமானத் தொகைகூடப் பஹாமாஸ் கொடிக்குக் கீழே செல்லாது. அங்கே அளவுகோல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு மாலுமிக்கு வகுத்திருக்கும் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம்: 2025இல் மாதத்துக்கு 673 டாலர், அதுவும் வாரம் 48 மணி நேரக் கணக்கில். உலகக் கடல் தொழிலாளர் உடன்படிக்கை எந்த ஏழு நாளிலும் 72 மணி நேரம்வரை வேலை வாங்க இடம் தருகிறது. மாதக்கணக்கில் ஒப்பந்தம். ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு நாள் கடலில் இல்லை.

வரி? அயல்நாட்டுக் கப்பல் நிறுவனங்களின் சர்வதேசப் போக்குவரத்து வருமானத்துக்கு அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் 883ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. 2025 பிப்ரவரியில் வர்த்தக அமைச்சர் ஹோவர்ட் லுட்னிக் தொலைக்காட்சியில் இதைத் திடீரென்று கண்டுபிடித்துக் கொதித்தார். கப்பல் நிறுவனங்களின் பங்கு விலைகள் ஒரு நாள் சரிந்தன. 2024இல் ராயல் கரீபியனின் நிகர லாபம் ஏறத்தாழ 290 கோடி டாலர், கார்னிவலுடையது ஏறத்தாழ 190 கோடி. இவ்வளவு ஏழைகளாக இருப்பதால்தான் அறை துடைக்கும் பையனின் சம்பளத்துக்கு உங்கள் பேரக்குழந்தையின் உதவி தேவைப்படுகிறது.

அந்தப் பையனின் சட்டையில் பெயர்ப்பட்டை இருக்கும். பெயருக்குக் கீழே நாட்டின் பெயர்: பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா. கோவாவில் வீட்டுக்கு வீடு கப்பல்காரர்கள் உண்டு. நம் பக்கத்திலும் ஹோட்டல் மேனேஜ்மென்ட் டிப்ளமோ முடித்தவன் கனவில் முதலில் வருவது கப்பல்தான். வேலை வாங்கித் தருவதற்குக் கடலோடியிடம் பணம் வாங்கக்கூடாது என்று மேலே சொன்ன கடல் தொழிலாளர் உடன்படிக்கையே சொல்கிறது. நம் ஊர் ஏஜென்ட்டுகளில் எத்தனை பேர் அதைப் படித்திருப்பார்கள் என்று கேட்டுப் பாருங்கள். இப்படிப் போனவன்தான் ராத்திரி உங்கள் படுக்கையில் துண்டை மடித்து யானையும் குரங்கும் செய்துவைக்கிறான். பிள்ளைகள் குதிக்கிறார்கள். அப்பா போட்டோ எடுக்கிறார். அந்த யானையைச் செய்ய அவனுக்குத் தனியாக நேரம் கொடுத்தார்களா என்று யாரும் கேட்பதில்லை.

2020இல் இந்த ஏற்பாட்டின் எலும்பு வெளியே தெரிந்தது. மார்ச் மாதம் கொரோனாவால் பயணம் நின்றது. பயணிகளை இறக்கிவிட்டார்கள், பல்லாயிரம் ஊழியர்களை ஊருக்கு அனுப்ப வழியில்லாமல் மாதக்கணக்கில் கப்பலிலேயே வைத்திருந்தார்கள். பயணி இல்லை, அதனால் டிப்ஸ் இல்லை. ஒப்பந்தம் முடிந்துபோன பலருக்குச் சம்பளமும் இல்லை. நிறுவனங்களுக்கும் ஒரு சின்ன அதிர்ச்சி காத்திருந்தது. அமெரிக்க நாடாளுமன்றம் அறிவித்த உதவித்தொகை அமெரிக்காவில் பதிவான நிறுவனங்களுக்கு மட்டும் என்றார்கள். பனாமாவும் லைபீரியாவும் பெர்முடாவும் அன்று ஒருநாள் திரும்பிக் கடித்தன. எனக்கு அந்தச் செய்தி இனித்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

இனி உதிரி வசூல்கள். இவற்றை உதிரி என்று சொல்வது மரியாதைக் குறைவு; இந்த நிறுவனங்களின் வருவாயில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி வருவது டிக்கெட்டுக்கு வெளியே, கப்பலுக்குள் நடக்கும் வியாபாரத்திலிருந்து. வைஃபைக்குக் கருவிக் கணக்கில் காசு. சாப்பாடு இலவசம், ஆனால் நல்ல சாப்பாட்டுக்கு வேறு கதவு, வேறு விலை. அறைக்குச் சாப்பாடு வரவழைத்தால் ஒரு நிறுவனத்தில் 7 டாலர் 95 சென்ட், அதன்மேல் 18 சதவீதம் டிப்ஸ், அதற்கும் கீழே 'கூடுதல் டிப்ஸ்' என்று எழுதிக் காலியாக விட்ட ஒரு கோடு. கொண்டுவந்தவன் பேனாவை நீட்டிக்கொண்டு நிற்பான். அந்தக் கோட்டைக் காலியாக விட்டுக் கையெழுத்துப் போட நெஞ்சழுத்தம் வேண்டும். நிறுவனத்துக்கே சொந்தமான தீவில் இறக்குவார்கள்; மணலும் கடலும் இலவசம், நீர்ச்சறுக்குப் பூங்காவுக்கு டிக்கெட். அதைக் கண்ணில் காட்டிய பிறகு பத்து வயதுப் பிள்ளையிடம் மணலில் வீடு கட்டச் சொல்லிப் பாருங்கள்.

எல்லாவற்றிலும் உச்சம் மதுப் பொதி. நாளொன்றுக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கட்டிவிட்டால் குடித்துக்கொண்டே இருக்கலாம். கார்னிவலில் 24 மணி நேரத்தில் 15 கோப்பை என்று கருணையோடு வரம்பு வைத்திருக்கிறார்கள். பதினாறாவது உடம்புக்கு ஆகாது போலும். விதி இது: ஓர் அறையில் தங்கும் பெரியவர்களில் ஒருவர் வாங்கினால் மற்றவரும் வாங்கியாக வேண்டும். சித்தப்பா இரண்டு பீர் குடிக்க ஆசைப்பட்டால், பிரதோஷத்துக்கு விரதமிருக்கும் சித்திக்கும் பதினைந்து கோப்பை சாராயம் கணக்கில் ஏறும். கெஞ்சிக் கூத்தாடி, உடம்பு சரியில்லை என்று சொன்னால் சில இடங்களில் பழரசப் பொதிக்கு இறங்கி வருவார்கள். சித்தி மோர் கேட்பாள். மோருக்குப் பொதி கிடையாது.

பொதி 'இலவசம்' என்று விற்பதும் உண்டு. நார்வீஜியன் இந்த வித்தையில் கைதேர்ந்தது. மதுப் பொதி இலவசம். ஆனால் அந்த இலவசப் பொதிக்கு விலை இருந்திருந்தால் என்னவாக இருக்குமோ, அதில் 20 சதவீதத்தை டிப்ஸாக முன்கூட்டியே கட்ட வேண்டும். யாரும் இன்னும் ஒரு கோப்பைகூட ஊற்றவில்லை. கப்பல் புறப்பட இன்னும் பல மாதம் இருக்கிறது. ஊற்றப்போகிறவன் வேலைக்கே சேர்ந்திருக்க மாட்டான். நன்றி மட்டும் இப்போதே போய்ச் சேர்ந்துவிடுகிறது.

இப்படித் தலைக்குத் தலை, கோப்பைக்குக் கோப்பை எண்ணி வாங்குகிறவர்களுக்கு அடுத்தவன் வாங்கும்போது மட்டும் நெஞ்சு பதறிவிடுகிறது. தன் துறைமுகங்களுக்கு வரும் கப்பல் பயணிகளிடம் ஆளுக்கு 42 டாலர் வரி வாங்குவதென்று 2024 இறுதியில் மெக்சிகோ நாடாளுமன்றம் முடிவெடுத்தது. கரீபியன் கப்பல் நிறுவனங்களின் சங்கம் அலறியது. பயணிகளால் தாங்க முடியாதாம், மெக்சிகோத் துறைமுகங்களே காலியாகிவிடுமாம். பேச்சுவார்த்தை நடந்து, கடைசியில் 2025 ஜூலையில் 5 டாலர் என்று தொடங்கியது. ஒரு நாடு தன் கடற்கரைக்கும் சாலைக்கும் தண்ணீருக்கும் குப்பைக்கும் சேர்த்துத் தொடக்கத்தில் கேட்டது ஒரு பயணத்துக்கு 5 டாலர். நிறுவனம் தான் கொடுக்க வேண்டிய சம்பளத்துக்குப் பயணியிடம் ஒரு நாளைக்கு 18 டாலர் 50 சென்ட். முதலாவது கொள்ளை என்றால் இரண்டாவது என்ன என்று அந்தச் சங்கத்தைத்தான் கேட்க வேண்டும்.

வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. பிரிட்டனின் பி அண்ட் ஓ குரூசஸ் 2019 மே மாதம் தினசரி டிப்ஸ் வசூலை நிறுத்தி, டிக்கெட் விலைக்குள்ளேயே அடக்கிவிட்டது. கப்பல் மூழ்கவில்லை. அந்த நிறுவனம் யாருடையது தெரியுமா? கார்னிவல் குழுமத்துடையது. ஆக, அட்லாண்டிக்கின் அந்தப் பக்கத்தில் செய்ய முடிந்த காரியம் இந்தப் பக்கத்தில் முடியவில்லை. அந்தப் பக்கத்தில் ஆங்கிலேயன் முணுமுணுத்தான். இந்தப் பக்கத்தில் நாம் டிப்ஸ் சரியா தவறா என்று நமக்குள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

அந்தச் சண்டையில் நம்மவர் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் கை அரிக்கும். இவரை உங்களுக்குத் தெரியும்; ஒவ்வொரு அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவிலும் ஒருவர் இருக்கிறார். கப்பலில் மூன்றாம் நாள் கெஸ்ட் சர்வீஸ் கவுன்ட்டர் வரிசையில் அரைமணி நின்று, "டிப்ஸை எடுத்துடுங்க" என்று சொல்லி 777 டாலரையும் கழற்றிவிட்டு வந்தவர். கவுன்ட்டரில் இருந்த பெண் "சேவையில் ஏதாவது குறையா சார்?" என்று கேட்டாள். குறை ஒன்றும் இல்லை என்றுதான் சொன்னார், உண்மையிலேயே இல்லை. அறைப் பையன் இந்தியன் என்று தெரிந்து முதல் நாளே ஊரெல்லாம் விசாரித்து, "தம்பி, கூட ரெண்டு தலையணை, கூட ரெண்டு துண்டு" என்று உரிமையோடு கேட்டு வாங்கியவர் அவர். ஊருக்குத் திரும்பியதும் எந்தக் கவுன்ட்டர், என்ன சொல்ல வேண்டும் என்று படிப்படியாக எழுதிக் குழுவில் போட்டார். நாற்பது பேர் கைதட்டினார்கள். நிறுவனத்தின் கொள்ளையைத் தட்டிக்கேட்டவராம். நிறுவனத்துக்கு அதில் ஒரு சென்ட் நட்டமில்லை. அது சம்பளத்தை என்றைக்கோ உங்கள் தலையில் இறக்கிவைத்துவிட்டு லாபத்தை எண்ணப் போய்விட்டது. போனது யானை மடித்தவனுக்கும் அவன் கூட்டாளிகளுக்கும். பயணியையும் ஊழியனையும் இப்படி மோதவிட்டு நடுவில் நிற்பதுதான் அந்த ஏற்பாட்டின் முழுச் சூட்சுமம் என்று இந்த வீரருக்கு யார் சொல்வது?

அதே பயணத்தில், கப்பலின் சூதாட்டக் கூடத்தில் அவர் முந்நூறு டாலர் விட்டார். அதைத் திருப்பிக் கேட்டு எந்தக் கவுன்ட்டரிலும் அவர் நின்றதாகத் தகவல் இல்லை.